மாவோரியரும் முதல் ஐரோப்பியரும் எதிர்ப்பட்ட கரைகள்: நான்கில் எதற்குப் போவது?

நியூசிலாந்துப் பயணத்தில் மலைக்கும் ஏரிக்கும் ஒதுக்கியது போக மூன்று நான்கு நாள்கள் மிஞ்சினால், அவற்றை அந்நாட்டின் வரலாற்றுக்குக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: எந்தக் கடற்கரைக்குப் போவது? அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரியரும் ஐரோப்பியரும் முதன்முதலாக எதிர்ப்பட்டதும், பண்டம் மாற்றிக்கொண்டதும், ஒப்பந்தம் செய்ததும், போரிட்டதும் பெரும்பாலும் கடலோரத்தில்தான் என்பதால், பார்க்கத் தகுந்த இடங்கள் இரு தீவுகளிலும் பரவிக் கிடக்கின்றன. அவற்றுள் வடக்கிலுள்ள பே ஆஃப் ஐலண்ட்ஸ், அதற்கு நேர் மேற்கே ஹோகியாங்கா, வடதீவின் கிழக்கோரத்தில் கிஸ்போர்ன், தென்தீவில் அகரோவா ஆகிய நான்கும்தான் தேர்வுக்கு வருபவை. நான்கையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பது வீண். காரிலேயே பொழுது போய்விடும்.

## எதை வைத்து அளப்பது

சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறாரா என்பதையே முதல் அளவுகோலாக வைக்கிறேன். பாதிரிமார் கட்டிய மரவீடுகளும் கற்கிடங்கும் இன்றும் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை இருந்தால் அவற்றின் கதை நமக்குப் புரிந்துவிடும். மாவோரியரின் அரண் சூழ்ந்த குடியிருப்புகளான 'பா'க்களோ குன்றை வெட்டி, மரவேலி நட்டு அமைத்தவை. வேலி மட்கிப்போயிற்று, சரிவில் படிப்படியாக இறங்கும் மண்மேடைகளும், தூர்ந்த அகழிகளும், குமரா என்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேமித்த குழிகளுமே எஞ்சியுள்ளன. பழகாத கண்ணுக்கு அது புல் மூடிய வெறும் குன்று. ஆகவே துணைக்கு ஆளில்லாமல் போகிறவர் ஐரோப்பியர் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, முழுவதையும் பார்த்துவிட்ட நினைப்பில் ஊர் திரும்புவார். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தை ஆடம்பரச் செலவாகக் கருதாமல் பயணத்தின் அடிப்படைச் செலவாகவே கணக்கில் வைக்க வேண்டும் என்பேன்.

இரு தரப்பு இடங்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றனவா என்பது இரண்டாவது. தொலைவும் சாலையின் நிலையும் மூன்றாவது. நுழைவுச்சீட்டில் தெரியாத செலவுகளும், திறந்திருக்கும் நாள்களும் கடைசி. இந்தக் கடைசி அளவுகோலை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் பயணம் கெடுவது அநேகமாக அதில்தான்.

| | பே ஆஃப் ஐலண்ட்ஸ் | ஹோகியாங்கா | கிஸ்போர்ன் | அகரோவா |
|---|---|---|---|---|
| எங்கிருந்து | ஆக்லாந்திலிருந்து காரில் சுமார் மூன்றரை மணி நேரம் | பே ஆஃப் ஐலண்ட்ஸிலுள்ள பைஹியா ஊரிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் | ஆக்லாந்திலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். காரில் ஏறத்தாழ ஒரு பகல் | கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஒன்றரை மணி நேரம் |
| தங்க வேண்டியது | 2 அல்லது 3 இரவு | 1 இரவு | 3 இரவு | 1 இரவு |
| பழைய கட்டடங்கள் | மிகுதி | சில | குறைவு | ஓரளவு |
| மாவோரியர் தரும் விளக்கம் | எளிதில் கிடைக்கும் | கிடைக்கும் | முன்னேற்பாடு தேவை | குறைவு |
| கவனிக்க வேண்டியது | கட்டணம், கூட்டம் | திறக்கும் நாள்கள் | சாலை நிலவரம் | சொகுசுக் கப்பல் வரும் நாள்கள் |

## பே ஆஃப் ஐலண்ட்ஸ்

முதன்முறை போகிறவருக்கு இதைவிடத் தகுந்த கரை இல்லை. நாட்டின் அரசியல் வரலாற்றுக்கு அடிப்படையான நிகழ்ச்சிகள் பலவும் ஒரே விரிகுடாவின் ஓரங்களில் நடந்திருக்கின்றன. இடத்துக்கு இடம் தொலைவும் அதிகமில்லை.

வைத்தாங்கியில் இருந்து தொடங்கலாம். பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக 1833இல் வந்த ஜேம்ஸ் பஸ்பியின் வீட்டு முன்புல்வெளியில், 1840 பிப்ரவரி 6 அன்று மாவோரித் தலைவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பிரிட்டிஷ் முடியுடனான ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டனர். முதலில் ஒப்பமிட்டவர் ஹோனே ஹெக்கே. அதே பஸ்பியின் முன்னிலையில் 1835 அக்டோபர் 28 அன்று வடக்கின் தலைவர்கள் தங்கள் நாட்டின் சுதந்திரத்தை அறிவித்ததும் இங்கேதான். அந்த வீட்டின் எதிரே, ஒப்பந்தத்தின் நூற்றாண்டான 1940இல் திறக்கப்பட்ட செதுக்குவேலை நிறைந்த கூட்டமனையும், அதே நூற்றாண்டுக்காகக் கௌரி என்னும் பெருமரங்களைக் குடைந்து செய்த 35 மீட்டர் நீளப் போர்ப்படகும் இருக்கின்றன. நுழைவுச்சீட்டிலேயே வழிகாட்டியுடன் சுற்றிவருவதும் பகல்நேரக் கலைநிகழ்ச்சியும் அடங்கிவிடுவதால், என் முதல் அளவுகோலில் நான்கு கரைகளிலும் இதுவே முந்தி நிற்கிறது. ஒப்பந்தத்தின் மாவோரிப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் ஆட்சியுரிமை குறித்து ஒன்றுபோல் பேசவில்லை. பெரும்பாலான தலைவர்கள் ஒப்பமிட்டது மாவோரிப் பிரதியில். இன்றுவரை ஓயாத அந்த வழக்கை, அதே புல்வெளியில் நின்றுகொண்டு, ஒப்பமிட்டவர்களின் மண்ணைச் சேர்ந்த ஒருவர் வாயால் கேட்பதற்கு எந்தப் பலகையும் ஈடாகாது.

ஆனால் பெரும்பாலானோர் வைத்தாங்கியோடு நிறுத்திக்கொண்டு ஆக்லாந்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் ஒருநாள் பேருந்துச் சுற்றுலாக்கள் இதை இன்னும் எளிதாக்கிவிட்டன. ஏழு மணி நேரம் சாலையில் கழித்துவிட்டு மூன்று மணி நேரம் மட்டும் பார்க்கும் அந்த ஏற்பாட்டை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பைஹியாவிலிருந்து பயணிகள் படகில் கால் மணி நேரத்தில் ரசலுக்குப் போய்விடலாம். கொரொராரெகா என்ற பெயரில் திமிங்கல வேட்டைக்காரர்களும் கப்பலோட்டிகளும் குடித்துக் கூத்தடித்த துறை இது. வைத்தாங்கியில் முதல் ஒப்பமிட்ட அதே ஹோனே ஹெக்கே, 1844 ஜூலைக்கும் 1845 மார்ச்சுக்கும் இடையே, ஊருக்கு மேலேயுள்ள குன்றின் பிரிட்டிஷ் கொடிமரத்தை நான்கு முறை வெட்டிச் சாய்த்தார். நான்காம் முறை சாய்த்த 1845 மார்ச் 11 அன்று மூண்ட சண்டையில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. அன்று தப்பியவற்றுள் ஒன்று, 1836 முதல் நிற்கும் கிறைஸ்ட் சர்ச். நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய தேவாலயம் அதுவே. வெள்ளைச் சாயம் பூசிய அதன் வெளிப்பலகைகளில் துப்பாக்கிக் குண்டு துளைத்த தடங்களை இன்றும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். சுற்றியுள்ள கல்லறைகளில் அந்தச் சண்டையில் மாண்ட பிரிட்டிஷ் மாலுமிகளும், ஹெக்கேயை எதிர்த்துப் பிரிட்டிஷார் பக்கம் நின்ற மாவோரித் தலைவர் தாமத்தி வாக்கா நேனேயும் இருக்கிறார்கள். அந்தப் போரை வெள்ளையருக்கும் மாவோரியருக்கும் நடந்த நேரடி மோதல் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதை அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே உணரலாம். நீர்முகப்பில் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிமார் 1841, 42இல் மண்ணை இடித்துக் கெட்டித்துச் சுவரெழுப்பிய பொம்பாலியே மனை இருக்கிறது. அச்சகமும் தோல் பதனிடும் பட்டறையும் அதற்குள் இயங்கின.

கெரிகெரியில் 1822இல் கட்டிமுடிந்த கெம்ப் மனையும், 1836இல் முடிந்த கற்கிடங்கும் ஓர் ஆற்றுவளைவில் அருகருகே நிற்கின்றன. முதலாவது நாட்டில் எஞ்சியுள்ள ஐரோப்பியக் கட்டடங்களுள் மிகப் பழையது. இரண்டாவது கற்கட்டடங்களுள் மிகப் பழையது. வெள்ளம் வந்தால் அருகிலிருந்த பாலத்தில் நீர் முட்டிக் கட்டடங்களுக்கு ஆபத்தாகிறது என்பதால், மாற்றுச்சாலை போட்டுவிட்டு 2008இல் பாலத்தையே அகற்றிவிட்டார்கள். பலர் இங்கே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எதிரேயுள்ள கொரொரிப்போ பாவின் மேட்டில் ஏறிப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்: ங்காபுஹி என்னும் மாவோரிக் குடியின் தலைவர் ஹொங்கி ஹிக்காவின் கோட்டை மேலே, அவர் தந்த காவலின்கீழ் பாதிரிமார் வீடு கீழே. யார் யாரை அண்டி வாழ்ந்தார்கள் என்பதை நிலத்தின் அமைப்பே காட்டிவிடுகிறது. அந்த மேட்டில் ஏறக் கட்டணம் கிடையாது.

இதே விரிகுடாவின் வடகரையில் ரங்கிஹோவா இருக்கிறது. தலைவர் ருவாதாராவின் அழைப்பிலும் பாதுகாப்பிலும் 1814 கிறிஸ்துமஸ் நாளில் சாமுவேல் மார்ஸ்டன் முதல் கிறிஸ்தவப் பேருரையை நிகழ்த்திய ஓய்ஹிக் கடற்கரை அது. அங்கே கட்டடம் எதுவும் இல்லை. ஒரு கற்சிலுவையும், வழிநெடுகப் பலகைகளும், ஓடைக்கு அப்பால் மேடைமேடையாக இறங்கும் பாவும்தான் உண்டு. மேலிருந்து நடந்து இறங்க வேண்டும். திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும். முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்கள் இதை விட்டுவிடலாம்.

எந்த ஊரில் தங்குவது என்பதும் இங்கே ஒரு துணைக்கேள்வி. கார் இல்லாதவர்களுக்குப் பைஹியாவே சரி. வைத்தாங்கிக்கு நடந்தும் ரசலுக்குப் படகிலும் போகலாம். மாலையில் படகுக் கூட்டம் போனபின் அமைதியாகிவிடும் ரசல் தங்குவதற்கு இனிமையானது, ஆனால் விலை கூடுதல். காரோடு போகிறவர்கள் ஓபுவாவில் கார்ப்படகு ஏற வேண்டும். தரைவழி வளைந்து வளைந்து நெடுந்தொலைவு சுற்றும். கெரிகெரி சமையல் வசதியுள்ள வீடெடுத்துத் தங்கும் குடும்பங்களுக்கு ஏற்றது.

செலவு விஷயத்தில் மூன்றை நினைவில் வைக்க வேண்டும். வைத்தாங்கியில் வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், நியூசிலாந்தில் வசிப்போருக்கு அதைவிடக் குறைந்த கட்டணம். ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துப்போகும் ஆக்லாந்துக்காரர்கள் தங்கள் வசிப்பிடச் சான்றை எடுத்துச் செல்ல வேண்டும். மாலை விருந்தும் அதனுடன் சேர்ந்த நிகழ்ச்சியும் தனிச் சீட்டு. பகல் நிகழ்ச்சியைப் பார்த்தவர் அதைத் தவிர்த்தால் பெரிதாக இழப்பு ஒன்றுமில்லை. கெரிகெரி, பொம்பாலியே போன்றவை ஹெரிடேஜ் நியூசிலாந்து அமைப்பின் பொறுப்பில் இருப்பவை என்பதால் அதன் உறுப்பினருக்கு அங்கே கட்டணமில்லை. வைத்தாங்கி தனி அறக்கட்டளையைச் சேர்ந்தது, அந்த உறுப்பினர் அட்டையை நம்பி அங்கே போகக்கூடாது. பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் நுழைவு இலவசம்தான். விழாக்கூட்டத்தையும் போராட்டக் குரல்களையும் ஒருசேரக் காண விரும்புவோருக்கு அதைவிடச் சிறந்த நாள் இல்லை. அமைதியாக வரலாறு பார்க்க வருகிறவருக்கு அதைவிட மோசமான நாளும் இல்லை. தங்கும் அறைகள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும்.

இந்தப் பகுதி பற்றிப் படிக்கும் தமிழர் பலர் 'தமிழ் மணி'யைத் தேடுவார்கள். கப்பல் மணி என்று தமிழில் பொறித்த அந்த வெண்கல மணியின் மேற்பகுதியை, மாவோரியர் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திவந்த நிலையில், பைஹியாவின் மிஷன் அச்சுக்கலைஞர் வில்லியம் கொலென்சோ வடபகுதியில் கண்டு பெற்றுக்கொண்டார். அது இன்று வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. பைஹியாவில் தேடிப் பயனில்லை. வெலிங்டன் போகிறவர்களும் அது காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டி விசாரித்துவிட்டே போக வேண்டும்.

## ஹோகியாங்கா

வைத்தாங்கியில் ஒப்பமிட்ட ஆறாம் நாள், 1840 பிப்ரவரி 12 அன்று, இங்குள்ள மாங்குங்கு மெதடிஸ்ட் மிஷன் வளாகத்தில் ஏறத்தாழ 70 தலைவர்கள் ஒப்பமிட்டனர். நாட்டிலேயே மிகுதியான தலைவர்கள் ஒப்பமிட்ட கூட்டம் இதுதான் என்றாலும், இங்கே வருகிறவர்கள் வைத்தாங்கிக்கு வருவோரில் மிகச் சிறு பங்கினரே. துறைமுகத்தைப் பார்த்த சரிவில் தனியாக நிற்கும் சிறிய மரவீடு. உள்ளே, அன்று ஒப்பமிட்ட மேசை. அதன் பக்கத்தில் அவசரமில்லாமல் நிற்க முடிவது இந்தக் கரையின் பெரிய வசதி. நியூசிலாந்துக்கு முதல் தேனீக்கள் 1839இல் வந்து இறங்கியதும் இந்த மாங்குங்குவில்தான்.

ஐரோப்பியருக்கு முந்தைய கதைக்கும் இங்கே இடம் உண்டு. பெருங்கடலோடி கூப்பே வந்து தங்கித் திரும்பிச் சென்ற துறைமுகம் என்று மாவோரி மரபு போற்றும் இடம் இது. அந்தக் கதையை உள்ளூர் மாவோரியரே சொல்லும் மனேயா என்னும் மையம் ஓபொனொனியில் இருக்கிறது. வழிகாட்டலில் வைத்தாங்கிக்கு இது இளைத்ததல்ல. வடிவில் பெரிய நிகழ்ச்சியாக இராது. ஆனால் கூட்டம் குறைவென்பதால் கேள்வி கேட்கலாம், பதிலும் நிதானமாக வரும்.

குறை, திறந்திருக்கும் நாள்கள். மாங்குங்கு மனையும், ராவெனேயிலுள்ள கிளெண்டன் மனையும் வாரம் முழுவதும் திறந்திருப்பவை அல்ல. பருவத்துக்குப் பருவம் நாள்கள் மாறும். ஹெரிடேஜ் நியூசிலாந்து அமைப்பின் இணையதளத்தைப் பார்க்காமல் போகிறவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். சரளைச் சாலைகளும் இப்பக்கம் மிகுதி. வாடகைக் காரின் காப்பீடு அத்தகைய சாலைக்குச் செல்லுமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துக்கொள்ள வேண்டும். மாலையில் உணவகங்கள் சீக்கிரமே மூடிவிடும். சைவ உணவுக்காரர்கள் கையில் ஏதாவது வைத்திருப்பது நல்லது.

## கிஸ்போர்ன்

இங்கே கட்டடங்களை எதிர்பார்த்துப் போகக்கூடாது. 1769 அக்டோபரில் ஜேம்ஸ் குக்கின் கப்பலிலிருந்து நியூசிலாந்து மண்ணில் ஐரோப்பியர் முதலில் கால் வைத்த இடம் இது; இறங்கிய முதல் நாளே தே மரோ என்பவரைச் சுட்டுக் கொன்றனர், அடுத்த நாள்களில் மேலும் பலர் இறந்தனர். நெடுங்காலம் குக்கின் நினைவுத்தூணை மட்டும் கொண்டிருந்த அந்தக் கரையில் இப்போது தே மரோவுக்கும் நினைவுச்சின்னம் இருக்கிறது. 250ஆம் ஆண்டான 2019இல் பிரிட்டிஷ் தூதர் இங்கு வந்து அந்த உயிரிழப்புகளுக்கு வருத்தம் தெரிவித்தார். தித்திரங்கிக் குன்றின்மேல் நின்றால், துறைமுகத்தில் ஏற்றுமதிக்காக அடுக்கிய மரத்தடிகள் கண்ணுக்கு எட்டியவரை தெரிகின்றன. குக் இறங்கிய கரை அவற்றுக்கு உட்பக்கமாக, கடலைவிட்டு விலகிப்போய்க் கிடக்கிறது. அழகுக்காக வருகிறவர் ஏமாறுவார். ஆனால் வரலாற்றை யார் எழுதுகிறார்கள், பிறகு யார் திருத்துகிறார்கள் என்பதில் அக்கறையுள்ளவருக்கு நான்கு கரைகளிலும் இதுவே கூர்மையானது.

வடக்கே 35ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போனால் டோலகா பே, அதாவது ஊவாவா. சில நாள்களுக்கு முன் கிஸ்போர்னில் ரத்தம் சிந்திய அதே கப்பல் இங்கே அமைதியாகத் தங்கி நீர் நிரப்பிக்கொண்டது. கப்பலில் இருந்த பாலினீசிய மாலுமியும் பூசாரியுமான துப்பாயா மாவோரியருடன் பேசிப் புரிந்துகொள்ள முடிந்தது அதற்குப் பெரிதும் உதவிற்று. குக்கின் நீர்த்துறைக்குச் செல்லும் நடைபாதை பண்ணை நிலத்தின் ஊடாகப் போவதால், ஆடுகள் குட்டியீனும் பருவத்தில் மூடிவிடுவார்கள். இன்னும் வடக்கே திக்கிதிக்கியில், முதல் உலகப்போரில் மாண்ட ங்காதி பொரோவ் குடியைச் சேர்ந்த வீரர்களின் நினைவாக 1920களில் எழுந்த புனித மரியாள் தேவாலயம். உள்ளே சுவர், கூரை, பிரசங்க மேடை எல்லாமே மாவோரிச் செதுக்குவேலையும் பின்னல் வேலையுமாக இருக்கும்.

2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் இப்பகுதிச் சாலைகளையும் பாலங்களையும் கடுமையாகச் சிதைத்தது. பெருமழைக்குப் பின் சாலை மூடல் இங்கே அரிதல்ல. திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை நெடுந்தொலைவுப் பயணத்துக்கு வைக்காமல், கிஸ்போர்ன் நகருக்குள்ளேயே கழிக்கும்படி திட்டமிட வேண்டும். ஒரு நாள் வீணானாலும் தாங்கும் பயணத் திட்டம் இல்லாதவர்கள் இந்தக் கரையை எடுக்க வேண்டாம்.

## அகரோவா

1840இல் பிரெஞ்சுக் குடியேறிகள் வந்திறங்கியபோது, பிரிட்டிஷ் கொடி முந்திக்கொண்டிருந்தது. அந்தப் பிரெஞ்சு வாசனையைத் தெருப்பெயர்களிலும் கடைகளிலும் இன்றுவரை விற்கிறார்கள். அதை அரைநாளில் பார்த்துவிடலாம்.

பார்க்க வேண்டியது ஊருக்குச் சற்றுத் தெற்கே உள்ள தகப்பூனெகே. 1830இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன், சரக்குக்கு ஆசைப்பட்டு, வடதீவு மாவோரித் தலைவர் தே ராவுபராஹாவின் வீரர்களைக் கப்பலுக்குள் ஒளித்து இங்கே கொண்டுவந்தான். தென்தீவின் ங்காய் தாஹுக் குடியின் தலைவர் தமாயிஹராநுய் பிடிபட்டார், ஊர் அழிந்தது. பஸ்பியை வைத்தாங்கிக்கு அனுப்பும் முடிவுக்கு இந்தக் கொடுமையும் ஒரு காரணம். அத்தகைய இடத்தில் 20ஆம் நூற்றாண்டில் கழிவுநீர் நிலையமும் குப்பைமேடும் அமைத்தார்கள். இப்போது அது காப்பிடம். இன்னும் சற்றுத் தள்ளியுள்ள ஓனுகுவில் 1840 மே மாதம் ஒப்பந்தத்துக்கு ஒப்பம் வாங்கினார்கள். அதே ஓனுகு மராயேயில் 1998 நவம்பரில் பிரதமர் ஜெனி ஷிப்லி, ங்காய் தாஹு மக்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். மராயே என்பது குடியின் பொதுமன்றம், கண்காட்சி அல்ல. அழைப்பில்லாமல் உள்ளே நுழையக்கூடாது. சொகுசுக் கப்பல் நங்கூரமிடும் நாளில் ஊர் நெரிசலில் திணறும் என்பதால், கப்பல் வருகைப் பட்டியலைப் பார்த்து நாளைக் குறிப்பது நல்லது.

## யாருக்கு எது

வாழ்நாளில் ஒரே முறை வருகிறவரும், பள்ளிப் பிள்ளைகளையோ வயதானவர்களையோ அழைத்து வருகிறவரும் யோசிக்காமல் பே ஆஃப் ஐலண்ட்ஸை எடுக்கலாம். ஆனால் குறைந்தது இரண்டு இரவு கொடுக்க வேண்டும். தென்தீவுக்கு மட்டுமே சீட்டு எடுத்தவர் இதற்காக வடக்கே பறக்க வேண்டியதில்லை. அகரோவாவில் ஓர் இரவு தங்கி, காலையில் தகப்பூனெகேவுக்கும் ஓனுகுவுக்கும் போய்வரட்டும். வைத்தாங்கியை முன்பே பார்த்தவர், நான்கு நாள் கையில் இருந்தால் கிஸ்போர்னுக்கு விமானம் ஏறி அங்கே கார் எடுக்கலாம். இரண்டே நாள் என்றால் ஹோகியாங்கா.

நான்கு நாளும் ஒரு காரும் உள்ள ஆக்லாந்துக்காரர் தேர்வு செய்து திண்டாட வேண்டியதே இல்லை. முதல் இரண்டு கரைகளும் ஒரே சுற்றில் அடங்கும். பைஹியாவில் இரண்டு இரவு தங்கி வைத்தாங்கி, ரசல், கெரிகெரி மூன்றையும் முடித்துக்கொண்டு, மூன்றாம் நாள் மேற்கே மாங்குங்கு, ராவெனே வழியாக ஓபொனொனி போய்ச் சேரலாம். நான்காம் நாள் 12ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால், வைப்போவா காட்டில் தானே மஹூத்தா என்னும் மாபெரும் கௌரி மரத்தையும் பார்த்துவிட்டு, வந்த சாலையைப் பெரும்பாலும் மறுபடி மிதிக்காமல் ஆக்லாந்து திரும்பலாம். காட்டு வாசலில் கௌரி நோயைத் தடுக்கக் காலணியைத் தேய்த்துக் கழுவச் சொல்வார்கள். அதைச் செய்யாமல் உள்ளே போகக்கூடாது. இந்தச் சுற்றில் நாளைத் தீர்மானிப்பது வைத்தாங்கி அல்ல, மாங்குங்கு: அது திறந்திருக்கும் நாளை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதை மூன்றாம் நாளாக வைத்துப் பின்னோக்கி எண்ணிப் புறப்படும் தேதியைக் குறியுங்கள்.